அந்தப் பதினேழு நிமிடம் எங்கே போகிறது?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது, மகனுக்கு நாலு. மனைவி விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விடுவார். பிள்ளைகளை 7.15க்கு எழுப்பி, 8 மணிக்குள் கிளப்பி அனுப்புவது என் பொறுப்பு. அலுவலகத்தில் நான் பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவன். வீட்டிலோ 8 மணிக்குள் மூன்று முறையாவது கத்திவிடுகிறேன். மகன் ஷூ போடவே பத்து நிமிடம் எடுக்கிறான். மகள் நான் சொல்வதைக் காதில் வாங்குவதே இல்லை. போன வாரம் மகன் தன் கரடி பொம்மையைப் பார்த்து, “சீக்கிரம்! எத்தனை தடவை சொல்றது?” என்று அப்படியே என் குரலில் கத்திக்கொண்டிருந்தான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தியானம், மூச்சுப் பயிற்சி எல்லாம் செய்து பார்த்தேன், மூன்று நாளுக்கு மேல் நிற்கவில்லை. பொறுமை கற்றுக்கொள்ளக்கூடியதா, பிறவியிலேயே வர வேண்டியதா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

அலுவலகத்தில் பொறுமைசாலி, வீட்டில் காலை முக்கால் மணி நேரம் மட்டும் கத்துகிறவர். இரண்டு பேரும் நீங்கள்தான். குணத்தில் கோளாறு இருந்தால் இரண்டு இடத்திலும் தலைகாட்டியிருக்கும். ஆகவே உங்கள் குணத்தைத் திருத்துகிற வேலையைக் கொஞ்சம் ஒத்திவைத்துவிட்டு, அந்த முக்கால் மணி நேரத்தை எடுத்துப் பார்ப்போம்.

1973இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குப் பொருத்தமானது. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் இறையியல் மாணவர்களைப் பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஓர் உரை நிகழ்த்தச் சொன்னார்கள். வழியில் ஒருவர் உடல்நலமில்லாதவர்போல் சுருண்டு கிடந்து இருமினார், முனகினார். அவர் ஏற்பாடு செய்யப்பட்ட நடிகர். நேரம் தாராளமாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினர். “ஏற்கெனவே தாமதம், ஓடுங்கள்” என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர்தான் நின்றனர். மாணவர்களில் ஒரு பகுதியினர் பேசப் போன தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை! தலைப்பினால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை. வித்தியாசத்தை உண்டாக்கியது அவசரம். காலை 7.50க்கு உங்கள் வீட்டில் நடப்பதும் இதே வகைதான். பாசம் இருக்கிறது, நேரம் இல்லை.

எனவே முதல் வேலை, அளப்பது. அடுத்த மூன்று காலைகள் எதையும் மாற்றாதீர்கள். ஒரு தாளில் ஒவ்வொரு வேலையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம் மட்டும் எழுதுங்கள். அதற்கு முந்தைய இரவே, எது எவ்வளவு நேரம் ஆகும் என்ற உங்கள் மதிப்பீட்டைத் தனியாக எழுதி மடித்து வைத்துவிடுங்கள். இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்ப்பதுதான் இந்தப் பயிற்சி. நாம் செய்யப்போகும் வேலைக்கு நாமே போடும் நேரக் கணக்கு பெரும்பாலும் குறைவாகவே வரும் என்று டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே சுட்டிக்காட்டினார்கள். 1994இல் வெளியான ஓர் ஆய்வில், ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் ஆகும் என்று கணித்த மாணவர்களுக்கு உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். தன் வேலைக்கே கணக்கு இப்படிப் பிசகுகிறது என்றால், நாலு வயதுக்காரன் செய்யும் வேலைக்கு நாம் போடும் கணக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

உங்கள் தாள் ஏறக்குறைய இப்படி வரலாம். பல் துலக்கிக் கழிவறை போய்வர 5 நிமிடம் என்று நினைத்திருப்பீர்கள், 13 ஆகியிருக்கும். உடை மாற்ற 5 என்று நினைத்தது 10. சாப்பாடு 15 என்றது 22. ஷூ 2 என்றது 8. இவை எதிலும் சேராமல் ஜன்னலில் எறும்பு பார்த்தது, பென்சிலைத் தேடியது, அக்கா தம்பி சண்டை என்று ஒரு 9. மனக்கணக்கில் 27 நிமிடம், கடிகாரத்தில் 62. உங்களிடம் இருப்பது 45. மீதி 17 நிமிடத்துக்கு ஈடாகத்தான் உங்கள் தொண்டை வேலை செய்கிறது.

சரி, அரை மணி முன்னதாக எழுப்பிவிடலாம் என்று உடனே தோன்றும். வேண்டாம். தூக்கம் குறைந்த பிள்ளை இன்னும் மெதுவாகும், இன்னும் சிணுங்கும். 3 முதல் 5 வயது வரை பகல் தூக்கமும் சேர்த்து ஒரு நாளைக்கு 10 முதல் 13 மணி நேரமும், 6 முதல் 12 வயதுவரை 9 முதல் 12 மணி நேரமும் தூக்கம் வேண்டும். உங்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம். அதில் கைவைக்காமல், வேலையை இரவுக்கு நகர்த்துங்கள். பை, தண்ணீர் பாட்டில், கையெழுத்துப் போட வேண்டிய தாள், உள்ளாடை முதல் சாக்ஸ் வரை அடுக்கிய உடை, கதவருகே ஷூ, எல்லாம் இரவிலேயே தயாராக இருக்கட்டும். இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்தால் இரவில் ஒரு கால் மணி நேரம் பிடிக்கும், காலையில் 10 நிமிடம் மிச்சம். (ஆமாம், 15 கொடுத்து 10 வாங்குகிறோம். இரவு நிமிடம் மலிவு, காலை நிமிடம் விலை கூடியது.) இப்போது தேவை 52. அதன்மேல் 10 நிமிடத்தைச் சும்மா விடுங்கள். ஆக 6.58க்கு எழுப்ப வேண்டும். 6.55 என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி 8.30க்கும் அக்கா 9 மணிக்கும் தூங்கியிருந்தால் இதில் யாருக்கும் நட்டமில்லை. நீங்கள் அவர்களுக்கு அரை மணி முன்பு எழுந்து, உங்கள் குளியலையும் உடையையும் முடித்துவிடுங்கள். பாதி சட்டையோடு பிள்ளையைக் கிளப்புகிறவருக்குப் பொறுமை இருக்காது.

அந்தச் சும்மா 10 நிமிடத்தைக் கடைசியில் வைக்க வேண்டும், எல்லாம் முடிந்து ஷூவும் போட்ட பிறகு. எல்லாம் ஒழுங்காக நடந்தால் அது விளையாட்டு நேரம். பால் கொட்டினால் அதைத் துடைக்கும் நேரம். விளையாட்டை முதலில் வைத்தால் அதிலிருந்து பிள்ளையைப் பிய்த்தெடுப்பதே இன்னொரு சண்டையாகிவிடும். இன்னொன்று, வீட்டுக் கடிகாரத்தைப் பத்து நிமிடம் முன்னே தள்ளி வைக்கும் தந்திரம் வேண்டாம். மூன்றாம் நாளே மனசு அந்தப் பத்தைக் கழித்துக்கொள்ளும்.

ஷூவுக்கு வருவோம். நாலு வயதில் ஷூ போடுவது உங்களுக்குத் தெரிவதைவிடப் பெரிய காரியம். பட்டையை முழுக்கத் திறக்க வேண்டும், ஷூவின் நாக்குப் பகுதியை வெளியே இழுக்க வேண்டும், இடது வலது பார்க்க வேண்டும், விரல்களை உள்ளே தள்ள வேண்டும், குதிகால் மடங்காமல் பிடித்து இழுக்க வேண்டும், பிறகு பட்டையை ஒட்ட வேண்டும். ஆறு படி. லேஸ் உள்ள ஷூ என்றால் பேசவே வேண்டாம். லேஸ் கட்ட வருவது பெரும்பாலும் 5 வயதுக்கும் 7 வயதுக்கும் இடையில்தான். வெல்க்ரோ பட்டை ஷூவுக்கு மாறுங்கள். பள்ளி நாள் காலையில் கற்றுக்கொடுக்காதீர்கள், விடுமுறை நாள் மாலையில் கற்றுக்கொடுங்கள். சுவரில் முதுகு சாய்த்துக் குட்டை முக்காலியில் உட்கார வையுங்கள். நின்றுகொண்டு போட்டால் பாதிக் கவனம் விழாமல் நிற்பதிலேயே போய்விடும். ஐந்து படிகளை நீங்கள் செய்து, கடைசிப் படியான பட்டை ஒட்டுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அது தானாக வந்தபின் குதிகால் இழுப்பதும் சேர்த்து அவன் வேலை. இப்படிக் கடைசியிலிருந்து முன்னோக்கி வந்தால், ஒவ்வொரு முறையும் ‘நான் முடிச்சுட்டேன்’ என்ற இடத்தில் அவன் நிற்பான். முதல் படியிலிருந்து ஆரம்பித்தால் ஒவ்வொரு முறையும் பாதியில் நீங்கள் பிடுங்கிக்கொள்ளும் இடத்தில் நிற்பான். அவன் எழுந்து ஓடுவதற்கு அதுதான் காரணம். இடது வலது குழப்பத்துக்கு, ஒரு வட்ட ஸ்டிக்கரை இரண்டாக வெட்டி ஷூக்களின் உள்ளே, ஒன்றையொன்று பார்க்கும் ஓரங்களில் பாதி பாதியாக ஒட்டுங்கள். படம் சேர்ந்தால் சரியான கால். சாக்ஸின் தையல் விரல் நுனியில் உறுத்துகிறதா என்றும் பாருங்கள். சில பிள்ளைகள் ஷூவோடு சண்டை போடுவதாகத் தெரியும், உண்மையில் சாக்ஸோடு போடுவார்கள்.

இனி மகள். “காதில் வாங்குவதே இல்லை” என்கிறீர்கள். அவள் வாங்குகிறாள், ஆனால் ஐந்தாவது முறைதான் வாங்குகிறாள். அப்படி அவளுக்குப் பழக்கியது நீங்களே. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை, இது நடக்கும் விதம் அப்படி. நாலு முறை சாதாரணக் குரலில் சொல்கிறீர்கள், எதுவும் நடப்பதில்லை. ஐந்தாவது முறை கத்துகிறீர்கள், உடனே எழுகிறாள். கத்தினால் வேலை நடக்கிறது என்று உங்களுக்குப் பாடம். கத்தும்வரை இது நிஜமில்லை என்று அவளுக்குப் பாடம். பெற்றோரும் பிள்ளையும் ஒருவரையொருவர் இப்படிப் பழக்கிக்கொள்ளும் வளையத்தை ஜெரால்ட் பேட்டர்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் குடும்பங்களைக் கவனித்து விவரித்தார். இந்த வளையத்தை உடைக்காமல் எந்தத் தியானமும் உங்களைக் காப்பாற்றாது.

உடைக்கும் வழி, முதல் முறையை நிஜமாக்குவது. அடுத்த அறையிலிருந்து சொல்லாதீர்கள். அருகே போங்கள். பெயர் சொல்லித் தோளில் கைவையுங்கள், முகம் திரும்பும்வரை இருங்கள். ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். “பல் தேய்ச்சு, டிரஸ் மாத்திட்டு, பையை எடுத்துட்டு வா” என்றால் மூன்றில் இரண்டு வழியிலேயே விழுந்துவிடும். கேள்வியாகவும் கேட்காதீர்கள். “ஷூ போட்டுக்கலாமா?” என்றால் “வேண்டாம்” என்பதும் நியாயமான பதில்தான். “இப்ப ஷூ போட்டுக்கோம்மா” போதும். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு 5 முதல் 8 நொடி மனதுக்குள் எண்ணுங்கள், அந்த இடத்தை விட்டு நகராமல். இந்த எட்டு நொடிதான் நீங்கள் கற்க வேண்டிய பொறுமையில் பெரும்பங்கு. வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று 1970களில் கண்டார். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதிலே வராமல் போவது குறைந்தது. நம் வீட்டில் அந்த ஒரு நொடிகூடக் கொடுப்பதில்லை. படம் வரைவதில் மூழ்கியிருக்கும் பிள்ளை அதிலிருந்து கரையேறி, சொன்னதைப் புரிந்துகொண்டு, உடம்பை நகர்த்த வேண்டும். நடுவில் நீங்கள் மறுபடி சொன்னால் அது உதவியாக இல்லை, குறுக்கீடாக இருக்கிறது. எட்டு நொடி கழித்தும் அசையவில்லையா? இரண்டாவது முறை அதே சொல்லை, அதே குரலில், கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டே சொல்லுங்கள். மூன்றாவது முறை என்று ஒன்று இருக்கக் கூடாது.

“இன்னும் அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும்” என்பது மகளுக்கு ஓரளவு புரியும். மகனுக்கு அது வெறும் சத்தம். அவனுக்குக் கண்ணில் படுகிற நேரம் வேண்டும். மணல் கடிகாரம், அல்லது “இந்தக் கார் ரெண்டு சுத்து சுத்தினதும்” என்பதுபோல ஒன்று.

ஓர் எச்சரிக்கை. நீங்கள் கத்துவதை நிறுத்திய முதல் சில நாள் நிலைமை மோசமாகும். கத்தல் வரும்வரை காத்திருந்து பழகியவள், அது வராதபோது இன்னும் கொஞ்சம் தள்ளிப்பார்ப்பாள். பலரும் இந்த இடத்தில்தான் “இது நமக்குச் சரிப்படாது” என்று பழைய வழிக்குத் திரும்பி, இன்னும் உரத்த ஐந்தாவது முறையைக் கற்றுக்கொடுத்துவிடுகிறார்கள். இரண்டு வாரமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

தியானம் ஏன் மூன்று நாளில் நின்றது? அமைதியான இரவில் பாயில் உட்கார்ந்து பழகியது 7.50 மணிச் சத்தத்தில் நினைவுக்கே வராது. மூச்சு நல்ல கருவிதான். மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றே மெதுவாகிறது, அதனால் உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும். மூன்று எண்ணும்வரை இழுத்து, ஆறு எண்ணும்வரை விட்டால், மூன்று முறைக்கு அரை நிமிடம்கூட ஆகாது. அதை எங்கே செருகுவது என்பதுதான் கேள்வி. கத்தலுக்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குப் பேச்சு வேகமெடுக்கும். உங்களுக்கு எது முதலில் வருகிறது என்று அளக்கும் மூன்று நாளில் கவனியுங்கள். அது வந்ததும் முழங்காலைத் தரையில் ஊன்றி உட்காருங்கள். நின்றபடி கத்துவது எளிது, மண்டியிட்டுக் கத்துவது கடினம். கோபம் முந்திக்கொண்டுவிட்டது என்றால், “அப்பாவுக்குக் கோபம் வருது, தண்ணி குடிச்சிட்டு வரேன்” என்று சொல்லிவிட்டுப் போங்கள், சின்னவன் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறான் என்று பார்த்துவிட்டு. பிள்ளையை முறைத்தபடி “ஒண்ணு... ரெண்டு...” என்று பத்துவரை எண்ணுவதை அமைதி முறை என்று நினைக்காதீர்கள். அது மிரட்டல்.

கோபத்துக்கு எண்ணெய் வார்க்கும் ஒரு வாக்கியம் உண்டு. “வேணும்னே பண்றான்.” அது மனதில் ஓடினால் பிடித்துக்கொள்ளுங்கள். உந்துதலை அடக்கும் மூளைப்பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகிறது. நாலு வயதில் அது அப்போதுதான் தளிர்விட்டிருக்கும். “நாலு வயசு வேகம் இதுதான்” என்று மாற்றிச் சொல்லிப் பாருங்கள். உண்மையும் அதுதான்.

எல்லாவற்றிலும் மெதுவாக இருக்க வேண்டியதில்லை. சாலையில் ஓடும் பிள்ளையிடமும் அடுப்புப் பக்கம் போகும் கையிடமும் எட்டு நொடி காத்திருக்கக் கூடாது. உங்கள் உரத்த குரலை அதற்காகச் சேமித்து வையுங்கள். ஷூவுக்கும் சாலைக்கும் ஒரே சத்தம் என்றால் சாலையில் அது பயன்படாது.

இனி, உங்கள் தூக்கத்தைக் கெடுத்த அந்தக் கரடி பொம்மை. அதற்காக அவனைத் தடுக்காதீர்கள், “அப்படிப் பேசக் கூடாது” என்றும் சொல்லாதீர்கள். தனக்கு நடந்ததைப் பொம்மைக்கு நடத்திப் பார்ப்பது இந்த வயதுப் பிள்ளைகள் விஷயங்களைச் செரிக்கும் முறை. அடுத்த முறை நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, கரடியின் குரலில், “அப்பா, எனக்குப் பட்டை ஒட்ட வரல” என்று சொல்லிப் பாருங்கள். அவன் என்ன பதில் சொல்கிறான் என்று கேளுங்கள். திருத்த வேண்டாம்.

கத்திவிட்ட நாளில், அன்றைக்கே மன்னிப்புக் கேளுங்கள். “காலையில நான் உன்கிட்ட கத்தினேன். அது என் தப்பு. நாளைக்கு அவசரம் வந்தா பக்கத்துல வந்து சொல்றேன்.” மூன்றே வாக்கியம். நாலாவதாக “ஆனா நீயும்...” என்று தொடங்கினால் முதல் மூன்றும் வீண். “அப்பாவை மன்னிச்சிட்டியா?” என்றும் கேட்க வேண்டாம். உங்களைத் தேற்றும் வேலையை நாலு வயதுத் தோளில் ஏற்றுவது அது. தாய்மாரையும் கைக்குழந்தைகளையும் படம்பிடித்து ஆராய்ந்த எட்வர்ட் ட்ரானிக், நல்ல உறவிலும் இருவரும் இசைந்திருப்பது ஏறக்குறைய 30 விழுக்காட்டு நேரம்தான் என்று கண்டார். மற்ற நேரமெல்லாம் பிசகுவதும் சரிசெய்வதும். சரிசெய்வதுதான் அங்கே முக்கியமானதாக இருந்தது.

மாலையில் ஆளுக்குப் பத்து நிமிடம், கைபேசி வேறு அறையில், விளையாட்டை அவர்கள் நடத்தட்டும். நீங்கள் கேள்வி கேட்காமல், கற்றுக்கொடுக்காமல் கூட இருங்கள். காலையில் தோளில் கைவைத்ததும் முகம் திரும்புவதற்கு இது உதவும்.

மகள் அமைதியான அறையில்கூடப் பின்னாலிருந்து சாதாரணக் குரலில் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், முதலில் செவித்திறன் பரிசோதனை செய்துவிடுங்கள். சொன்னதைச் செய்வதில் பள்ளியிலும் இதே சிரமம் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் பேசுங்கள். உங்களைப் பற்றியும் ஒன்று. கை ஓங்கியிருந்தால், பிள்ளை நீங்கள் அருகே வரும்போதே ஒடுங்கினால், அல்லது எரிச்சலும் ஈடுபாடின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட எல்லா நாளும் இருந்தால், மனநல மருத்துவரைப் பாருங்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பல நேரம் சோகமாக வெளிப்படாமல் எரிச்சலாக வெளிப்படும்.

பொறுமை பிறவியா என்று கேட்டிருந்தீர்கள். சுபாவத்தில் கொஞ்சம் கூடுதல் குறைவு இருக்கலாம். ஆனால் அலுவலகத்தில் நாள் முழுக்க உங்களுக்கு அது இருக்கிறதே. ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்ற பழமொழி எப்படிப் பொறுப்பது என்று சொல்லாது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது உங்கள் காலைக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது.

எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்காதீர்கள். முதல் வாரம் அளப்பதும் உடம்பின் அறிகுறியைக் கவனிப்பதும் மட்டும். இரண்டாம் வாரம் இரவுத் தயாரிப்பும் தூக்க நேரமும். மூன்றாம் வாரம் ‘அருகே போய் ஒருமுறை’. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் எத்தனை கத்தல் என்று சிறு கோடு போடுங்கள். இலக்கு பூஜ்யம் வேண்டாம். இப்போது வாரத்தில் ஐந்து பள்ளி நாளுக்குப் பதினைந்து கோடு. ஆறு வாரத்தில் அது ஐந்தானால் நன்றாகப் போகிறது. குறையவே இல்லை என்றால், இன்னும் முயற்சி செய்யும் முன் அளந்த தாளை எடுத்து மனைவியோடு சேர்ந்து மறுபடி பாருங்கள். எங்கோ ஒரு வேலைக்கு இன்னமும் ‘இரண்டு நிமிடம்’ என்றே எழுதியிருப்பீர்கள்.